சிக்கன் கட்ஸு வீட்டில்: எந்தக் கறி, எந்தத் தூள், எவ்வளவு எண்ணெய்

ரொட்டித்தூள் பூசிப் பொரிக்கும் ஜப்பானியக் கோழிக்கறிப் பண்டமான சிக்கன் கட்ஸுவை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் எண்ணெயைப் பற்றித்தான். வாணலி நிறைய எண்ணெய் காய்ச்சித்தான் ஆக வேண்டுமா, தட்டையான சட்டியில் கொஞ்சமாக ஊற்றிப் பொரித்தால் போதாதா, ஓவனிலோ ஏர் ஃப்ரையரிலோ வைத்து எடுத்துவிட முடியாதா என்று கேட்பார்கள். டோக்கியோவின் கிழக்கே நிஷிகசாய் பகுதியில், இரண்டே அடுப்புகளும் அவற்றுக்கு நடுவே மீன் சுடும் சிறிய அறையும் கொண்ட சமையல் மேடையில் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறேன். அந்தக் கேள்விக்குத் தனியாக விடை சொல்ல முடியாது என்பது எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. கறித்துண்டின் தடிமன் எண்ணெயின் அளவைத் தீர்மானிக்கிறது. எண்ணெயின் அளவு ரொட்டித்தூளின் பருமனைத் தீர்மானிக்கிறது. மூன்றையும் சேர்த்து யோசித்துத் தேர்ந்தெடுத்தால் எளிய அடுப்பிலும் நல்ல கட்ஸு வரும். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு குறிப்பிலிருந்து எடுத்துக்கொண்டால் விலை உயர்ந்த பாத்திரம் இருந்தாலும் வராது.

இந்தப் பண்டம் உருவான விதத்திலேயே இந்த ஒப்பீடு அடங்கியிருக்கிறது. கட்ஸு என்பது கட்ஸுரெட்ஸு என்பதன் சுருக்கம். கட்லெட் என்ற சொல் ஜப்பானிய வாயில் அப்படி ஆனது. நம் பக்கத்தில் கட்லெட் என்றால் மசித்த உருளைக்கிழங்கையோ கொத்துக்கறியையோ தட்டிப் பொரிப்பது. ஜப்பானில் உருளைக்கிழங்கில் செய்யும் அந்தப் பண்டத்துக்குக் கொரொக்கே என்று பெயர், கட்ஸு என்றாலோ முழுக் கறித்துண்டு. ஐரோப்பிய முறையில் மெல்லிய இறைச்சித் துண்டின் மேல் பொடியான ரொட்டித்தூளைப் பூசி, சட்டியில் வெண்ணெய் விட்டு இரு புறமும் சிவக்க வைத்து, தேவைப்பட்டால் ஓவனில் வைத்து முடிப்பார்கள். 1895-இல் டோக்கியோவின் கின்ஸா பகுதியில் தொடங்கிய ரெங்காதெய் என்ற உணவகம், 1899-இல் பன்றிக்கறியை, மாவில் தோய்த்துப் பொரிக்கும் தெம்புராவைப்போல் எண்ணெயில் மூழ்கவிட்டுப் பொரித்துக் கொடுத்தது. இன்று டொன்கட்ஸு என்று அழைக்கப்படுவதற்கும் அதன் வழியே வந்த கோழிக் கட்ஸுவுக்கும் அதையே தொடக்கமாகச் சொல்கிறார்கள். வெண்ணெய்ச் சட்டியா, ஓவனா, ஆழமான எண்ணெயா என்று இன்று நாம் சமையலறையில் நின்று யோசிப்பதை அந்த உணவகம் அன்றே யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. எண்ணெய் ஆழமானபோது அதற்கேற்ற ரொட்டித்தூளும் பருமனானது. பொடித்தூள் சட்டியோடு போக வேண்டியது, பெருந்தூள் ஆழ்ந்த எண்ணெயோடு போக வேண்டியது என்ற இந்த உறவை விட்டுவிட்டு ஒப்பிடுவதில் பொருளில்லை.

கட்ஸு பொரியும்போது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வெளியே தூள் ஈரத்தை இழந்து சிவக்கிறது. உள்ளே சூடு மெல்ல மெல்ல நடுக்கறியை நோக்கிப் போகிறது. கோழிக்கறியின் நடுப்பகுதி 75 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது ஜப்பானியச் சுகாதார அமைச்சகத்தின் அளவுகோல். அந்தச் சூடு நடுவைத் தொடும் நேரமும் தூள் பொன்னிறமாகும் நேரமும் ஒன்றாக அமைந்தால் கட்ஸு சரியாக வந்துவிட்டது என்று பொருள். நான் முதன்முதலில் செய்தபோது, முந்நூறு கிராம் எடையுள்ள ஒரு நெஞ்சுத் துண்டைக் கடையில் வாங்கியபடியே, நடுவில் மூன்று சென்டிமீட்டர் புடைத்திருந்ததைக் கவனிக்காமல் எண்ணெயில் விட்டேன். மேல்பக்கம் அடர்ந்த பழுப்பாகிவிட்ட பிறகு வெட்டிப் பார்த்தால் உள்ளே கண்ணாடிபோல் பளபளக்கும் பச்சைக்கறி இருந்தது. மைக்ரோவேவில் வைத்து வேகவைத்தேன். கறி வெந்தது, ஆனால் மொறுமொறுப்பாக இருந்த மேல்பூச்சு ஆவியில் ஊறி, ஈரத்துணியைப் போல ஒரே தகடாகக் கழன்று வந்தது. அன்று தவறியது எண்ணெயும் அல்ல, தூளும் அல்ல, தடிமன்தான்.

ஆகவே கறியிலிருந்து தொடங்குவதே முறை. ஜப்பானியக் கடைகளில் தொடைக்கறி எலும்பு நீக்கித் தோலோடு கிடைக்கும். நெஞ்சுக்கறி அதைவிட மலிவு. தொடையில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் கூடுதல் என்பதால் ஒரு நிமிடம் அதிகமாக வெந்தாலும் வறண்டுபோகாது. சாறு நிற்கும், சுவையும் ஆழமாக இருக்கும். ஆனால் அதன் வடிவம் ஒழுங்கற்றது. ஒரு பக்கம் இரண்டு சென்டிமீட்டரும் இன்னொரு பக்கம் அதில் பாதியும் இருக்கும். நடுவே வெள்ளை நரம்புகள் ஓடும். தோலை விட்டுவைத்தால் சூட்டில் அது சுருங்கி, துண்டையே வளைத்து, தூளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். கட்ஸுவுக்கு நான் தோலை நீக்கிவிடுகிறேன். நரம்புகளைக் கத்திமுனையால் அங்கங்கே குறுக்கே அறுத்து, தடித்த இடங்களை மட்டும் பக்கவாட்டில் கீறி விரிக்கிறேன். இதற்குப் பொறுமை வேண்டும். நாலு பேருக்குச் செய்யும்போது பத்து நிமிடமாவது இதிலேயே போய்விடும்.

நெஞ்சுக்கறியில் அந்தத் தொல்லை இல்லை. அதற்கு வறட்சி ஒன்றே எதிரி. அதைச் சமாளிக்க ஜப்பானியச் சமையலறைகளில் கன்னொன்பிராகி என்று ஒரு வெட்டு இருக்கிறது. கன்னொன் என்ற கருணைத் தெய்வத்தின் உருவத்தை வைக்கும் சிறு பேழைக்கு இடமும் வலமுமாகத் திறக்கும் இரட்டைக் கதவுகள் உண்டு. இந்த வெட்டும் அப்படித்தான் திறக்கிறது. நெஞ்சுத் துண்டை நீளவாட்டில் வைத்து, நடுவில் தடிமனின் பாதி ஆழத்துக்கு ஒரு கோடு கீற வேண்டும். பிறகு கத்தியைப் படுக்கவைத்து, அந்தக் கோட்டின் உள்ளிருந்து இடப்புறமாகக் கறியைப் பிளந்துகொண்டே போய், விளிம்புக்கு ஒரு விரல் முன்னால் நிறுத்தி மடல்போல் விரிக்க வேண்டும், வலப்புறமும் அப்படியே. மூன்று சென்டிமீட்டர் புடைத்திருந்த துண்டு ஒன்றரைக்குக் குறைந்து, உள்ளங்கையைவிடச் சற்று அகலமாகக் கிடக்கும். அதன் மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் மெல்லத் தட்டினால் எங்கும் ஒரே அளவாகிவிடும். அடித்து நசுக்கக் கூடாது. நசுங்கிய நார்களில் சாறு நிற்காது. நேரம் இருந்தால், நூறு மில்லி தண்ணீருக்கு ஐந்து கிராம் உப்பு, ஐந்து கிராம் சர்க்கரை என்ற கணக்கில் கரைத்து அரைமணி நேரம் ஊறவைக்கலாம். உப்பு நார்களைத் தளர்த்தி நீரைப் பிடித்துவைக்கும். மறுநாள் மதிய உணவுப் பெட்டியில் ஆறிப்போய்ச் சாப்பிடும்போது இதன் வேறுபாடு நன்றாகத் தெரியும். ஊறிய கறியை எடுத்து ஈரம் துளியும் இல்லாமல் துடைத்துவிட வேண்டும்.

எது மேல் என்று கேட்டால், சூட்டை இன்னும் கணித்துப் பழகாதவர்களுக்கு நெஞ்சைத்தான் சொல்வேன். தொடைக்கறி அதிகம் வெந்தாலும் மன்னிக்கும் என்பதால் அதுவே எளிது என்று பலரும் சொல்வதுண்டு. கட்ஸுவைப் பொறுத்தவரை அதை நான் ஏற்கவில்லை. தொடை மன்னிப்பது கறியின் தவறை மட்டுந்தான். அதன் மேடுபள்ளத்தால் தூள் ஓரிடத்தில் கருகுவதையும் ஓரிடத்தில் வெளுத்திருப்பதையும் அது மன்னிப்பதில்லை. சீராக விரித்த நெஞ்சோ நேரம் பார்த்தே பொரிக்கக்கூடியது. கை பழகியபின் விருந்துக்குத் தொடையை எடுக்கலாம்; ருசியில் அதுவே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. நெஞ்சோடு ஒட்டியிருக்கும் சசாமி என்ற சிறுதுண்டு குழந்தைகளுக்கு ஏற்றது, இரண்டு மூன்று நிமிடத்தில் வெந்துவிடும்.

அடுத்தது ரொட்டித்தூள். கட்ஸுவுக்குத் தனி அடையாளம் தருவது இதுதான் என்பதால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஜப்பானியர் பான்கோ என்று சொல்லும் இந்தத் தூளுக்கு என்றே ரொட்டி சுடுகிற ஆலைகள் உண்டு. அவற்றில் ஒரு வகை, மாவின் இரு புறமும் உலோகத் தகடுகளை வைத்து மின்சாரத்தை மாவுக்குள்ளேயே பாய்ச்சி வேகவைப்பது. வெளியிலிருந்து சூடு படாததால் பழுப்பு ஓடே உண்டாவதில்லை. வெள்ளையாக, நுண்துளைகளோடு இருக்கும் அந்த ரொட்டியைக் கிழித்தாற்போல் துருவும்போது உருண்டை மணிகள் வராமல் நீண்ட செதில்கள் வருகின்றன. செதில்களுக்கு இடையே காற்று நிற்கிறது. பொரியும்போது ஈரம் அந்த வழியாகச் சட்டென வெளியேறுகிறது. மொறுமொறுப்பு கல்போல் கெட்டியாகாமல் பல்லில் பட்டதும் நொறுங்கும் தன்மையோடு இருப்பதற்கு இதுவே காரணம்.

கடையில் இதிலும் இரண்டு வகை கிடைக்கும். ஈரப்பதம் நீங்காத பச்சைத் தூள் குளிர்பெட்டிப் பகுதியிலும், உலர்ந்த தூள் மளிகைப் பகுதியிலும் இருக்கும். பச்சைத் தூளின் செதில்கள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். சிவக்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்வதால் தடித்த தொடைக்கறிக்கும் ஆழ்ந்த எண்ணெய்க்கும் அது மிகப் பொருத்தம். உலர்தூள் சீக்கிரம் சிவக்கும் என்பதால் மெல்லிய நெஞ்சுக்கு ஏற்றது. பச்சைத் தூள் கிடைக்காதபோது, உலர்தூளைத் தட்டில் பரப்பி லேசாகத் தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் வைத்தால் ஏறக்குறைய அந்த நிலைக்கு வந்துவிடும். வீட்டிலேயே ரொட்டியைத் துருவுவது மூன்றாவது வழி. ஆனால் தமிழ்நாட்டுக் கடைகளில் கிடைக்கும் பால் ரொட்டி இனிப்பு மிகுந்தது. சர்க்கரை தூளை விரைவில் கருக்கிவிடும். கறி வேகும் முன்னரே வெளிப்புறம் கறுத்துவிடுவதால், இனிப்புக் குறைந்த ரொட்டியை எடுத்து, ஓரத்தை நீக்கி, ஒரு நாள் காயவிட்டுத் துருவுவது நல்லது. மிக்சியில் மாவாக அரைத்தால் பான்கோவின் தன்மையே போய்விடும்.

தூளை ஒட்டவைக்கும் முறையிலும் இரு வழிகள் உண்டு. மைதா, அடித்த முட்டை, தூள் என்று மூன்று தட்டுகளில் வரிசையாகப் புரட்டுவது வழக்கமான முறை. முட்டை, மைதா, தண்ணீர் மூன்றையும் தோசைமாவைவிடச் சற்றே நீர்க்கக் கலந்து, அந்த ஒரே கரைசலில் முக்கித் தூளில் புரட்டுவது இரண்டாவது. முதல் முறையில் மேல்பூச்சு மெல்லியதாக, மென்மையாக அமையும். ஆனால் மைதா ஓரிடத்தில் அதிகமாகத் தங்கினால் அங்கே பூச்சு கழலும். இரண்டாவதில் பூச்சு தடித்து உறுதியாக நிற்கும், பாத்திரமும் குறையும், கறிச்சாறும் எண்ணெய்க்குள் கசியாது. நெஞ்சுக்கு முதலாவதையும் மேடுபள்ளமான தொடைக்கு இரண்டாவதையும் பயன்படுத்துகிறேன். எந்த முறையானாலும், கறியைத் தூளின் மேல் வைத்து, மேலேயும் தூளைக் குவித்து, உள்ளங்கையால் ஒரே சீராக அழுத்த வேண்டும். விரல்நுனியால் குத்தினால் குத்திய இடம் வழுக்கையாகும். பிறகு ஐந்து நிமிடம் தொடாமல் விட்டால் தூள் ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும்.

இனி எண்ணெய். ஆழ்ந்த எண்ணெயில் பொரிப்பதன் பெருநன்மை சூட்டின் நிலைத்தன்மை. ஒரு லிட்டர் எண்ணெய் 170 டிகிரியில் இருக்கும்போது குளிர்ந்த ஒரு துண்டை விட்டால் சூடு கொஞ்சம் இறங்கி உடனே ஏறிவிடும். நாற்புறமும் ஒரே நேரத்தில் வேகும். பெருந்தூளின் செதில்கள் எண்ணெயில் மிதந்து விரிந்தபடியே இறுகும். ஒன்றரை சென்டிமீட்டர் நெஞ்சுக்கு 170 டிகிரியில் நாலைந்து நிமிடம் போதும். தடித்த தொடைக்கு இருமுறைப் பொரிப்பு நல்லது: 160 டிகிரியில் ஐந்து நிமிடம் பொரித்து, கம்பித் தட்டில் நாலு நிமிடம் வைத்து, மீண்டும் 180-க்கு மேல் ஏற்றிய எண்ணெயில் ஒரு நிமிடம். நடுவில் வைக்கும் நாலு நிமிடத்தில் வெளிச்சூடு உள்ளே பரவிக் கறியை வேகவைக்கிறது. கடைசி ஒரு நிமிடம் மேல்தூளை உலர்த்துகிறது. வெப்பமானி இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை தூளை எண்ணெயில் போட்டுப் பார்க்கலாம்: அடிவரை போய் மெல்ல எழுந்தால் 160, பாதி ஆழம் போய் எழுந்தால் 170, மேலேயே சடசடவென்று பரவினால் 180.

பொரியும்போது காதையும் பயன்படுத்த வேண்டும். துண்டு எண்ணெய்க்குள் போனதும் பெரிய குமிழிகள் கனத்த ஓசையோடு கொதிக்கும். அது கறியின் ஈரம் வெளியேறும் ஓசை. ஈரம் குறையக் குறையக் குமிழிகள் சிறுத்து, ஓசை மெலிந்து கூர்மையாகும். துண்டும் இலகுவாகி மேலே மிதக்கும். இந்த ஓசை மாற்றத்தைப் பிடித்துக்கொண்டால் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பல துண்டுகளைத் திணித்தால் இந்த ஓசை கேட்காது, சூடும் சரிந்து தூள் எண்ணெயைக் குடிக்கும். எண்ணெயின் மேற்பரப்பில் பாதிக்கு மேல் துண்டுகள் இருக்கக் கூடாது.

ஆழ்ந்த எண்ணெயின் சுமையும் சிறிதன்று. பொரித்தபின் மீந்த எண்ணெயைக் கழிநீர்த் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஜப்பானில் பெரும்பாலும் அதைக் கெட்டியாக்கும் தூளைக் கலந்து கட்டியாக்கியோ, காகிதத்தில் உறிஞ்சவைத்தோ எரியும் குப்பையில் சேர்க்க வேண்டும். வாரம் ஒருமுறை இதைச் செய்வது சிறிய வீட்டில் எளிதல்ல. அதனால்தான் அகேயாகி என்ற அரையெண்ணெய் முறை இங்கே பல வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. தட்டையான சட்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் விட்டு, துண்டின் பாதி மட்டும் மூழ்க, ஒரு பக்கம் மூன்று நிமிடமும் திருப்பிப் போட்டு இரண்டு மூன்று நிமிடமும் பொரிப்பார்கள். துண்டு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் இந்த முறை கைகொடுக்காது, ஓரங்கள் பச்சையாகவே நிற்கும். பான்கோவையும் அப்படியே பயன்படுத்தக் கூடாது. நீண்ட செதில்கள் சட்டியின் அடியைத் தொட்டு நுனி கருகும், எண்ணெய் எட்டாத நடுப்பகுதி வெளுத்திருக்கும். தூளை ஒரு பையில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் இரண்டு மூன்று முறை உருட்டிப் பாதியாகப் பொடித்துக்கொண்டால் அது கறியோடு படிந்து சீராகச் சிவக்கும். எண்ணெயும் குறைவாக உறிஞ்சும். அப்படியானால் இது பழைய ஐரோப்பிய முறைக்குத் திரும்புவதல்லவா என்று கேட்கலாம். ஆம், பாதி வழி திரும்புவதுதான். அதில் குறையொன்றும் இல்லை.

ஒரு எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். குறைந்த எண்ணெய் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் குறைந்த எண்ணெய்தான் வேகமாகச் சூடேறும். 2008 முதல் ஜப்பானில் விற்கப்படும் வீட்டு எரிவாயு அடுப்புகளில் அதிகச் சூட்டைத் தடுக்கும் உணரி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அந்த உணரியும் சரியாக வேலைசெய்ய 200 மில்லியாவது எண்ணெய் இருக்க வேண்டும் என்று அடுப்புக் கையேடுகள் கூறுகின்றன. உணரியே இல்லாத அடுப்பில் அரையெண்ணெய் முறையைச் செய்பவர்கள் சட்டியை விட்டு ஒரு நிமிடமும் அகலக் கூடாது. எந்த எண்ணெய் என்பதில் பெரிய யோசனை தேவையில்லை: தனி மணம் இல்லாத சூரியகாந்தி, தவிட்டெண்ணெய், கனோலா மூன்றும் சரி, செக்கு நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தம் மணத்தால் கட்ஸுவை வேறு பண்டமாக்கிவிடும்.

ஓவனையும் ஏர் ஃப்ரையரையும் ஒரே தலைப்பில் பேசலாம். இரண்டிலும் சூடான காற்றுதான் வேலை செய்கிறது. காற்று எண்ணெயைப்போல் சூட்டை வேகமாகக் கடத்தாது என்பதால், தூள் சிவப்பதற்காகக் காத்திருந்தால் நெஞ்சுக்கறி வறண்டுவிடும். இதற்கு ஜப்பானிய வீடுகளில் கண்ட வழி, தூளை முன்கூட்டியே சிவக்க வைப்பது. ஐம்பது கிராம் பான்கோவில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைப் பிசிறி, குறைந்த தீயில் ஐந்தாறு நிமிடம் வறுத்தால் பொன்னிறமாகும்; அந்த நிறத்தை அவர்கள் நரிநிறம் என்று சொல்கிறார்கள். அதைப் பூசி, கம்பித் தட்டில் வைத்து, 220 டிகிரி ஓவனில் பதினைந்து நிமிடம் சுட்டால் கண்ணுக்குக் குறையில்லாத கட்ஸு கிடைக்கும். ஏர் ஃப்ரையரில் 190 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம் போதும், ஆனால் ஒருமுறைக்கு இரண்டு துண்டுக்கு மேல் வைக்க இடமிருக்காது. எட்டுப் பேருக்கு ஒரே நேரத்தில் சூடாகப் பரிமாற வேண்டுமென்றால் ஓவனைத் தவிர வேறு வழியில்லை. எண்ணெயை மருத்துவர் குறைக்கச் சொல்லியிருந்தாலும் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் பல்லில் படும் அந்த ஓசைக்காகவே கட்ஸு சாப்பிடுபவர்களுக்கு இது ஈடாகாது. சுட்ட தூள் நொறுங்கும், ஆனால் உதிரும். பொரித்த தூள் கறியோடு ஒட்டியே நொறுங்கும்.

எங்கள் வீட்டில் வாரநாளில் விரித்த நெஞ்சு, பொடித்த உலர்தூள், 28 சென்டிமீட்டர் சட்டியில் ஒரு சென்டிமீட்டர் எண்ணெய்; ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் வந்தால் தொடை, பச்சைத் தூள், ஆழ்ந்த எண்ணெய், இருமுறைப் பொரிப்பு. இந்த இரு சேர்க்கைகளையும் இப்போது கலப்பதில்லை. அரையெண்ணெயில் தொடையையும், ஆழ்ந்த எண்ணெயில் பொடித்தூளையும் செய்து பார்த்து, இரண்டும் ஒவ்வொரு விதத்தில் ஏமாற்றியதால் நிறுத்திவிட்டேன்.

பொரித்து எடுத்ததைக் காகிதத்தில் போடாமல் கம்பித் தட்டில் நிறுத்திவைத்து, மூன்று நிமிடம் கழித்து, கனமான கத்தியால் இழுக்காமல் மேலிருந்து ஒரே அழுத்தாக வெட்ட வேண்டும். இழுத்தால் பூச்சு பெயரும். தலைமுடிபோல் நறுக்கிக் குளிர்நீரில் ஐந்து நிமிடம் போட்டு வடித்த முட்டைக்கோஸும், பழமும் காய்கறியும் காடியும் சேர்ந்த கெட்டியான கட்ஸுச் சாறும் போதும். சாற்றைப் பக்கத்தில் வைத்துத் தொட்டுக்கொண்டால் மொறுமொறுப்பு கடைசித் துண்டுவரை நிற்கும். மீந்ததை மறுநாள் கட்ஸுதொன் என்ற சோற்றுக் கிண்ணமாக ஆக்குவதாக இருந்தால், வெங்காயத்தைத் தாஷி என்ற கடற்பாசி, உலர்மீன் சாறு, சோயா சாஸ், மிரின் என்ற இனிப்பான சமையல் அரிசி மது மூன்றிலும் வேகவிட்டு, கட்ஸுவை அதில் வைத்து, அடித்த முட்டையை ஊற்றி அரைவேக்காட்டில் சோற்றின் மேல் சரித்துவிடலாம். அதற்கு எண்ணெயில் பொரித்ததை மட்டும் எடுத்துவைக்க வேண்டும். ஓவனில் சுட்டதன் தூள் கொதிக்கும் சாற்றில் கழன்று அடியில் தங்கிவிடும்.